மாட்டுக்கு மருந்து கொடுக்கும்போது ஓடை இறால் சாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

மலேசியாவில் இருக்கும் நம் ஊர் சுங்கை சிப்புட் என்றால் மலாய் மொழியில் நத்தை ஆறு. பஸ் ஸ்டாண்டிலும் பள்ளிக்கூடப் பலகையிலும் தினமும் பார்க்கிற நமக்கு அது வெறும் ஊர்ப்பெயர்தான். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாடு ஆடு வளர்க்கிறவர்கள் அந்த நத்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் உண்ணி மருந்தும் குடல்புழு மருந்தும் ஓடையில் கலந்தால் நத்தை பெரும்பாலும் தப்பித்துவிடும், இறாலும் தும்பிக் குஞ்சும்தான் முதலில் போகும். கல்லில் நத்தை ஊர்கிறதே, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாமும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சின்ன வயதில் நேரில் பார்த்தேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் செம்பனைக் காட்டுக்குள் ஓர் ஓடை, முழங்கால் அளவு தண்ணீர். பெரியப்பாவிடம் ஆறு மாடுகள். உண்ணி அதிகமாகிவிட்டது என்று ஒரு சனிக்கிழமை காலையில் சைபர்மெத்ரின் மருந்தைக் கலந்து ஓடைக்கரையிலேயே மாடுகளை நிறுத்தி அடித்தார், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறதே என்றுதான். முடிந்ததும் பம்பை ஓடையில் முக்கி அலசினார். "பெரியப்பா, மருந்து தண்ணிக்குள்ள போகுதே" என்றேன். "போகட்டும்டா, ஓடுற தண்ணி, அடிச்சிக்கிட்டுப் போயிடும்" என்றார். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, கண்ணாடி மாதிரி இருக்கும் சின்ன இறால்கள், விரல் நகம் அளவுதான் இருக்கும், தண்ணீரை விட்டுக் கல்மேல் ஏற ஆரம்பித்தன. ஏறுவதும், கால்கள் வெடவெடவென்று நடுங்க மல்லாந்து விழுவதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தன. மணலை ஒட்டிக் கூடு செய்துகொண்டு அதற்குள்ளேயே வாழும் புழு ஒன்று உண்டு, அது கூட்டை விட்டு வெளியே வந்து கிடந்தது, அப்படி வெறும் உடம்போடு அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இறாலெல்லாம் வேகவைத்த மாதிரி வெள்ளையாகிக் கரையோரம் ஒதுங்கியிருந்தது. நத்தை மட்டும் அதே கல்லில் இருந்தது.

பெரியப்பாவைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. மாட்டுக்கு மருந்து வேண்டும், அதில் சந்தேகமில்லை. உண்ணி ஏறிய மாடு இளைத்துப்போகும், காய்ச்சல் வரும், பால் வற்றும். மருந்தைக் கொடுப்பதிலும், அதைவிட முக்கியமாகக் கொடுத்த பிறகு வரும் இரண்டு வாரத்திலும் என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

மாட்டுக்கு ஒன்றும் ஆகாத மருந்து இறாலை ஏன் கொல்கிறது

உண்ணியும் இறாலும் ஒரே குலம். கால்கள் கணுக்கணுவாக இருக்கும், எலும்பு உள்ளே இல்லாமல் ஓடு வெளியே இருக்கும். தும்பிக் குஞ்சு, நண்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்த்தெள்ளு எல்லாமே இந்தக் கூட்டம்தான். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃப்ளூமெத்ரின் போன்ற மருந்துகள் நரம்பில் சோடியம் போய்வரும் வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன, நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்துச் செயலிழந்துபோகிறது. கல்மேல் நடுங்கிய இறாலுக்கு நடந்தது அதுதான். மாட்டுக்கும் அதே வாசல் உண்டு, ஆனால் அதன் உடம்பு மருந்தைச் சீக்கிரம் உடைத்து வெளியே தள்ளிவிடும். புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் வேறு வழியில் வேலை செய்கிறது. புழு, பூச்சிகளின் நரம்பிலும் தசையிலும் மட்டும் இருக்கிற ஒரு குளோரைடு வாசலை அது திறந்துவைத்துவிடும், அவை அசையமுடியாமல் வாதம் பிடித்ததுபோல் ஆகிவிடும். மாட்டுக்கும் நமக்கும் அந்த வாசலே கிடையாது. அதனால்தான் அது இவ்வளவு பத்திரமான மருந்து. ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது இது, 1981-இல் கால்நடைகளுக்கென்று விற்பனைக்கு வந்தது, ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கிராமங்களில் கண்பார்வையைக் காப்பாற்றிய மருந்து. நல்ல மருந்துதான், ஆனால் அதற்கு உண்ணி எது, இறால் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 300 கிலோ மாட்டுக்கு ஊசியில் போகும் ஐவர்மெக்டின் 60 மில்லிகிராம். ஆய்வுக்கூடத்தில் நீர்த்தெள்ளுகளில் பாதியை இரண்டு நாளில் கொல்ல ஒரு லிட்டருக்கு 25 நானோகிராமே போதும் என்று கண்டார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஒன்று. அந்த 60 மில்லிகிராமும் தண்ணீரில் கரைந்தால் 24 லட்சம் லிட்டரை அந்த அளவுக்கு ஆக்கிவிடும், கிட்டத்தட்ட ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளம். நிஜத்தில் அப்படி முழுவதும் கரையாது. இந்த மருந்து மண்ணையும் சாணியையும் இறுகப் பிடித்துக்கொள்ளும், வெயில் பட்டால் தண்ணீரில் ஓரிரண்டு நாளிலேயே பாதி உடைந்துவிடும். ஆனால் நம் செம்பனைக் காட்டு ஓடையில் வெயில் எங்கே படுகிறது? ஓலை மூடிய நிழல், அடியில் சேறு. சேற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் பல வாரம் கிடக்கும், அந்தச் சேற்றைத் தின்று வாழும் புழு பூச்சிகள் அதையும் சேர்த்தே தின்னும்.

இதையெல்லாம் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரிட்டனில் செம்மறி ஆடுகளைப் பூச்சிமருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கும் பழக்கம் உண்டு. முன்பு ஆர்கனோபாஸ்பேட் மருந்து, அது மனிதருக்குக் கெடுதல் என்று பலர் சைபர்மெத்ரினுக்கு மாறினார்கள். ஆடு மேய்ப்பவருக்கு அது பரவாயில்லை, ஆனால் நீர்ப்பூச்சிகளுக்கோ பழையதைவிடச் சுமார் நூறு மடங்கு கொடியது. ஈர ரோமத்தோடு ஆடுகள் ஓடையைக் கடந்தாலே போதுமாக இருந்தது, வேல்ஸ் பக்கத்து ஆறுகளில் பல மைல் தூரத்துக்குப் பூச்சிகள் இல்லாமல் போயின. 2006-இல் அந்த முக்கு மருந்தின் விற்பனையை நிறுத்திவைத்தார்கள், 2010-இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள்.

முதலில், எந்த மாட்டுக்கு உண்மையிலேயே வேண்டும் என்று பாருங்கள்

நம்மில் பலர் செய்வது, கடையில் ஊபாட் சாச்சிங், அதாவது குடல்புழு மருந்து, வாங்கினால் கொட்டகையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடுவது. பாட்டில் திறந்தாகிவிட்டதே என்று. இதனால் புழுவுக்கும் மருந்து பழகிவிடுகிறது, ஓடைக்கும் ஒரே நாளில் மொத்தமும் போய்ச் சேர்கிறது.

ஆட்டுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்று ஒரு முறை உருவாக்கினார்கள், இப்போது உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு அதிகமானால் ஆட்டுக்குச் சோகை பிடிக்கும், அதைக் கண்ணில் பார்த்துவிடலாம். பகல் வெளிச்சத்தில், கட்டைவிரலால் கீழ்இமையை மெதுவாக இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். செக்கச்செவேல் என்றோ சிவப்பாகவோ இருந்தால் விட்டுவிடலாம். வெளிறியோ வெள்ளையாகவோ இருந்தால் அந்த ஆட்டுக்குக் கட்டாயம் மருந்து வேண்டும். நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால் குட்டியா, சினையா, இளைத்திருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு மந்தையில் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளிடம்தான் குவிந்திருக்கும், அவற்றை மட்டும் பிடித்தால் மருந்துச் செலவு பாதிக்கு மேல் மிச்சம். மாட்டுக்கு இந்த இமைப் பரிசோதனை உதவாது, மாட்டுக்குச் சாணியில் புழு முட்டை எண்ணிப் பார்ப்பதுதான் சரி. புதுச் சாணியில் கொஞ்சம் எடுத்துப் பொட்டலமாகக் கட்டி, பையின்மேல் மாட்டின் பெயரை எழுதி, மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள். ஈப்போவிலேயே கால்நடை ஆய்வுக் கழகம் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், வெட்கப்படாமல் கேட்கலாம்.

உண்ணியிலும் அப்படித்தான். காதுக்குள்ளும் வால் அடியிலும் நாலு உண்ணி தெரிந்தவுடன் பம்பை எடுக்காதீர்கள். நாட்டு மாட்டுக்கு, கெடா கிளந்தான் மாட்டுக்கெல்லாம் தோலிலேயே உண்ணியைத் தாங்கும் தன்மை அதிகம். ஃப்ரீசியன் கலப்பு மாடுதான் சீக்கிரம் தவிக்கும். சிலவற்றைக் கையால் எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டால் முடிந்துவிடும், கொட்டகையில் கோழி மேய விட்டால் அதுவும் பொறுக்கித் தின்னும்.

அளவு

குறைவாகவும் கொடுக்கக் கூடாது, அதிகமாகவும் கூடாது. குறைத்தால் சாகாத புழு மட்டும் பெருகும், கூட்டினால் மிச்சம் சாணி வழியே ஓடைக்குப் போகும். கண்ணால் பார்த்து "நானூறு கிலோ இருக்கும்" என்று சொல்கிற மாடு பெரும்பாலும் முந்நூறைத் தாண்டாது. தையல்காரர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள், பிறகு தோள்முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்புவரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10840-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். 150 சுற்றளவு, 130 நீளம் உள்ள மாடு 270 கிலோ. ஒரு சதவீத ஐவர்மெக்டின் ஊசி 50 கிலோவுக்கு 1 மில்லி என்றால் அதற்கு 5.4 மில்லி. நானூறு என்று நினைத்து 8 மில்லி போட்டிருப்போம்.

பால் கறக்கிற மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி போடக் கூடாது, பாலில் வரும், கோயிலுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பால்தான் போகிறது. லேபிளைப் படியுங்கள், புரியவில்லை என்றால் கால்நடை அலுவலரைக் கேளுங்கள்.

ஊசியா, வாயில் ஊற்றுவதா, முதுகில் ஊற்றுவதா என்று தேர்வு இருந்தால், ஓடைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதுகில் ஊற்றுவதைக் கடைசியாக வையுங்கள். வசதிதான், ஆனால் அளவே அதிகம், ஐவர்மெக்டினில் ஊசியைவிட இரண்டரை மடங்கு. ஊற்றின மதியமே நம் ஊர் மழை பிடித்துக்கொண்டால் முதுகிலிருந்து வழிந்து நேரே பாரிட்டுக்குத்தான், அந்த வடிகால் வாய்க்காலுக்குத்தான் போகும். லெவமிசோல் மாதிரியான பழைய குடல்புழு மருந்துகள் நீர்ப்பூச்சிகளுக்கு ஐவர்மெக்டின் அளவுக்குக் கொடியவை அல்ல. புழுவுக்கு மட்டும்தான் மருந்து வேண்டும், உண்ணிக்கு இல்லை என்றால், ஐவர்மெக்டினைத் தவிர்த்து வேறு எது சரிவரும் என்று கால்நடை அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

கொடுத்த பிறகு 14 நாள்

ஐவர்மெக்டின் பெரும்பகுதி மாறாமல் சாணியிலேயே வெளியேறும். ஊசி போட்டால் முதல் வாரத்தில்தான் சாணியில் அதிகம், முதுகில் ஊற்றினால் முதல் சில நாளிலேயே உச்சம், பிறகு படிப்படியாகக் குறையும். இந்த இரண்டு வாரமும் மாடு ஓடையில் இறங்கக் கூடாது. வெளிநாட்டு லேபிள்கள் பலவற்றில் இந்த 14 நாள் கணக்கு எழுதியே இருக்கும். மாடு தண்ணீரில் நின்றால் என்ன செய்யும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும், நின்ற இடத்திலேயே சாணி போடும். அதனால் மருந்து கொடுத்த மாட்டைக் கட்டிவைத்துத் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். கட்டமுடியாத மந்தை என்றால் மேட்டுப் பக்கம் உள்ள வரிசைகளில் மேயவிடுங்கள். பல தோட்டங்களில் ஆற்றோர மரங்களில் பெயிண்ட் அடித்து, இந்தக் கோட்டுக்கு அப்பால் களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்று அடையாளம் வைத்திருப்பார்கள். மருந்து அடித்த அக்காமார்களுக்கு நன்றாகவே தெரியும். அதே கோட்டை மாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வாரச் சாணியைத் தனியாகக் குவியுங்கள். பாரிட்டை விட்டுத் தள்ளி, மேட்டில், மழைநீர் வழிந்து போகாதபடி தகரமோ கேன்வாஸோ போட்டு. மக்கட்டும், சூட்டில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடையும். அப்புறம் வெயில் படுகிற காய்கறிப் பாத்தியில் போடலாம். மீன் குளத்தில் கொட்டாதீர்கள், பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் கொட்டாதீர்கள். கொட்டகையைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவி வாய்க்காலில் தள்ளும் பழக்கத்தையும் அந்த நாட்களில் நிறுத்திவிட்டு மண்வெட்டியால் அள்ளுங்கள். ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா, மருந்து போட்ட மாட்டின் சாணி காய்ந்து தகடு மாதிரி வெகுநாள் கிடக்கும். சாணி வண்டின் புழுவும் ஈப்புழுவும் அதில் பிழைக்காது, உடைத்து மண்ணாக்க ஆள் இல்லை.

உண்ணி மருந்து அடிக்கும்போது ஓடையிலிருந்து முடிந்தவரை தள்ளி, புல் உள்ள இடத்தில் அடியுங்கள். தேவைக்கு மட்டும் கலக்குங்கள். மிஞ்சினால் அதை அடுத்த மாட்டின் காலுக்கும் வயிற்றடிக்கும் அடித்து முடித்துவிடுங்கள். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் பம்பிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுத் தோட்டத்து மருந்து ஸ்டோரிலோ கால்நடை அலுவலகத்திலோ எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். தோட்டத்தில் களைக்கொல்லிக்கு நாம் செய்கிற முறைதான் இது, மாட்டு மருந்துக்கு மட்டும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம். நாய்க்குப் போடும் உண்ணிச் சொட்டு மருந்தும் இதே சங்கதிதான், போட்ட நாயை ஓடையில் குளிப்பாட்டாதீர்கள். ஆக்சிடெட்ராசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் இறாலை நேராகக் கொல்லாது, ஆனால் ஓடையில் விழுந்த இலையை ஊறவைத்து உணவாக்குவதே பாக்டீரியாவும் பூஞ்சையும்தான், அதனால் அந்த ஊசி மிச்சத்தையும் தண்ணீரில் ஊற்றாதீர்கள்.

ஓடையைச் சோதிப்பது

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, கொசுவலைத் துணி ஒரு முழம், ஒரு குச்சி. மழை பெய்து இரண்டு நாள் ஆன பிறகு, தண்ணீர் தெளிந்தவுடன் போங்கள். கொட்டகைக்கு மேல்பக்கம் ஓர் இடம், கீழ்ப்பக்கம் ஓர் இடம். ஒவ்வோர் இடத்திலும் உள்ளங்கை அளவு கல் பத்து எடுத்து, கல்லின் கீழே வலையைப் பிடித்து, கையால் துடைத்து டப்பாவில் விடுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் பார்த்தால் போதும், முதலில் வெறும் மணல் மாதிரி இருக்கும், அப்புறம் அந்த மணலே நடக்க ஆரம்பிக்கும். பின்னால் மூன்று வால் நூல் தெரிகிற தட்டையான பூச்சி, கல்லோடு ஒட்டி ஓடும், அது ஒருநாள் பூச்சியின் குஞ்சு. மணல் கூட்டுப் புழு. தும்பிக் குஞ்சு, முகமூடி மாதிரி உதட்டை நீட்டிப் பிடித்துத் தின்னும். சின்ன இறால். இந்த நான்கையும் எண்ணுங்கள், நத்தையைத் தனியாக எழுதுங்கள். மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு தடவை, மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து. மேல்பக்கம் நிறைய இருந்து, கீழ்ப்பக்கம் நத்தை மட்டும் இருந்தால் எங்கோ வழிகிறது என்று அர்த்தம். வழியைத் தேடி அடைத்தால் மேலேயிருந்து தண்ணீரோடு மெல்ல மெல்ல வந்து சேரும். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், என்னைவிட வேகமாக எண்ணுகிறார்கள்.

இன்னொன்று, நாள் பார்ப்பது. நம் பக்கம் ஏப்ரல் மே மாதத்திலும் அக்டோபர் நவம்பரிலும்தான் மழை அதிகம். தீபாவளிக்கு விற்க ஆடுகள் வந்து இறங்குவதும், வந்த கையோடு எல்லாவற்றுக்கும் மருந்து போடுவதும் அதே அக்டோபரில். முடிந்தால் ஆடுகளை இமை பார்த்துப் பிரியுங்கள், போட்டவற்றைக் கூரைக்குக் கீழே வையுங்கள். அப்புறம் மாட்டுப் பொங்கல், அது சனவரி நடுவில் வருகிறது. அன்றைக்கு மாட்டை ஓடையில் இறக்கிக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசுவது நம் வீட்டு வழக்கம், அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் மருந்தை டிசம்பர் 25-க்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொங்கல் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். மறந்துபோய் இடையில் போட்டுவிட்டீர்கள் என்றால் அந்த வருடம் மட்டும் வீட்டு வாசலில் வாளித் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், மாடு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.